ஒரே இசைத்தட்டு, இரண்டு வழிகள்: லாங்ஸ்டன் ஹியூஸ், 1958

கவிதையையும் ஜாஸையும் ஒரே மேடையில் சேர்ப்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காலப்பிரமாணம் யார் கையில்? கவிஞர் கையிலா, டிரம்மர் கையிலா? இதை முடிவு செய்யாமல் ஒத்திகை தொடங்கினால் கவிஞர் ஒரு வேகத்தில் படிப்பார், குழு இன்னொரு வேகத்தில் வாசிக்கும். மூன்றாவது நிமிடத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். கறுப்பின இசை மரபுக்கு மரியாதை செய்வதாக அறிவிக்கும் நிகழ்ச்சிகளில் இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. கவிதைக்குள் எலிங்டன், பில்லி ஹாலிடே, கோல்ட்ரேன் என்று பெயர்கள் வரிசையாக வரும். பின்னால் பியானோ, நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் கேட்பதுபோல, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மரபின் பெயர்கள் வந்துவிடுகின்றன, மரபின் வடிவம் வருவதில்லை.

இரண்டையும் சேர்த்து ஆராயத் தோதான பதிவு ஒன்று உண்டு. 1958 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவாகி எம்.ஜி.எம். வெளியிட்ட 'வியரி ப்ளூஸ்' இசைத்தட்டு. படிப்பவர் ஒருவர், கறுப்பின அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். குழுக்கள் இரண்டு. முதல் பக்கத்தின் இசையை அமைத்தவர் ஜாஸ் விமர்சகர் லெனர்ட் ஃபெதர். அதில் டிரம்பெட் ரெட் ஆலன், டிராம்போன் விக் டிக்கன்சன், டெனர் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் சாம் டெய்லர், பியானோ அல் வில்லியம்ஸ், பாஸ் மில்ட் ஹின்டன், டிரம்ஸ் ஓசி ஜான்சன். இரண்டாம் பக்கம் பாஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான சார்ல்ஸ் மிங்கஸின் பொறுப்பு. டிராம்போன் ஜிம்மி நெப்பர், டெனர் ஷாஃபி ஹாடி, பியானோ ஹொரஸ் பார்லன், டிரம்ஸ் கென்னி டென்னிஸ், பாஸில் மிங்கஸே. குரல் மாறவில்லை, அணுகுமுறை மட்டும் மாறுகிறது. ஒப்பிட்டுக் கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

அந்தக் காலத்தில் ஜாஸோடு கவிதை படிப்பது ஒரு மோஸ்தராக இருந்தது. 1957இல் சான் பிரான்சிஸ்கோவின் 'செல்லர்' விடுதியில் கென்னத் ரெக்ஸ்ராத்தும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் படித்ததைப் பத்திரிகைகள் புதுமை என்று எழுதின. ஹியூஸின் பக்கம் நின்று பார்த்தால் அதில் புதுமை ஏதும் இல்லை. இசைத்தட்டுக்குப் பெயர் தந்த கவிதை 1925இல் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழின் பரிசை வாங்கியது, 1926இல் அவருடைய முதல் தொகுப்புக்குத் தலைப்பானது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் லெனக்ஸ் அவென்யூவில் ஒரு பியானோக்காரர் பாடுவதைக் கேட்கும் ஒருவர் சொல்லும் கவிதை அது. நடுவில் அந்தப் பியானோக்காரரின் பாட்டே கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வடிவமான ப்ளூஸின் வரிகளாக வந்துவிடுகிறது. இசை அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. வாத்தியங்கள் வந்து சேர முப்பது ஆண்டு தாமதமாயிற்று, அவ்வளவுதான்.

முதல் பக்கம்: பன்னிரண்டு பார் கணக்கு

ஃபெதரின் வழி ப்ளூஸ் வடிவத்தை அப்படியே தளமாக வைப்பது. நான்கு தட்டு கொண்ட தாள அலகுக்கு 'பார்' என்று பெயர், அப்படிப் பன்னிரண்டு. அவை நான்கு நான்காக மூன்று பகுதி. முதல் பகுதியில் ஒரு வரி, இரண்டாவதில் அதே வரி மறுபடி, மூன்றாவதில் அதற்கு முடிவு சொல்லும் வரி. பி ஃப்ளாட்டில் வாசித்தால் முதல் நான்கு பாருக்கு பி ஃப்ளாட் 7 என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு), பிறகு இரண்டு பார் ஈ ஃப்ளாட் 7, இரண்டு பார் மீண்டும் பி ஃப்ளாட் 7, அடுத்து எஃப் 7 ஒரு பார், ஈ ஃப்ளாட் 7 ஒரு பார், கடைசி இரண்டு பார் பி ஃப்ளாட் 7. ஒவ்வொரு நான்கு பாரிலும் பாடகர் ஏறத்தாழ முதல் இரண்டு பாரை எடுத்துக்கொள்வார். மீதி இரண்டில் ஒரு வாத்தியம் பதில் சொல்லும். பருத்தி வயல்களின் வேலைப்பாட்டிலும் தேவாலயத்தில் பிரசங்கியும் சபையும் மாறி மாறிக் குரல் கொடுப்பதிலும் இருந்து வந்த அழைப்பும் மறுமொழியும் இந்த இரண்டு பாரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தைக் கவிஞர் பேசி நிரப்பிவிட்டால், மரியாதை செய்ய வந்த மரபையே வெளியேற்றிவிட்டதாக ஆகும்.

நிரப்பத் தூண்டுவது கணக்கு. ஹியூஸின் கவிதையில் பியானோக்காரர் பாடும் இரண்டாவது பாட்டை எடுத்துக்கொள்வோம். அச்சில் ஆறு வரி; பாட்டாக மூன்று வரி, ஒவ்வொன்றும் இரண்டாக உடைக்கப்பட்டது. முதல் பாட்டு வரியில் 13 அசை. சாதாரணப் பேச்சில் வினாடிக்கு நான்கு முதல் ஐந்து அசை வரும் என்றால் அது 3 வினாடியில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 72 தட்டு வேகத்தில் நான்கு பார் ஓட 13 வினாடி ஆகும். பாடகர் உயிரெழுத்துகளை இழுத்து இரண்டு பாரை நிரப்பிவிடுவார். பேசுகிறவருக்கு 10 வினாடி வெறுமையாகக் கிடக்கிறது. மேடையில் 10 வினாடி மௌனமாக நிற்பது பெரும்பாலான கவிஞர்களுக்கு முடியாத காரியம். ஏழாவது வினாடியில் அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார். குழு அப்போது இன்னும் முதல் பகுதியில் இருக்கும். கார்டு மாறும் இடத்தில் சொல் இருக்காது, சொல் முடியும் இடத்தில் கார்டு மாறாது. கேட்பவருக்கு ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தெரியும்.

இதற்கு மூன்று வழி உண்டு. வேகத்தை 96க்கு ஏற்றினால் நான்கு பார் 10 வினாடியாகச் சுருங்கும். அல்லது வரியை அச்சில் உள்ளபடியே உடைத்து, முதல் பாதியை முதல் பாரிலும் இரண்டாம் பாதியை இரண்டாம் பாரிலும் வைத்தால் பேச்சே இரண்டு பாருக்குப் பரவிவிடும். இதுதான் எங்கள் பரிந்துரை, வரி உடைப்புக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைக்கிறது. மூன்றாவது, ஸ்டாப் டைம்: குழு ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் மட்டும் ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்தும், கவிஞர் நடுவில் பேசுவார். நகைச்சுவைக் கவிதைகளுக்கு இது பிரமாதமாக நிற்கும். சோகத்துக்கு வைத்தால் ஒவ்வொரு அடியும் சிரிப்புக்குக் கொடுத்த சைகைபோல விழும்.

கவிதையின் மற்ற பகுதிகளை, அதாவது பார்த்தவர் சொல்லும் விவரிப்பை, பன்னிரண்டு பாருக்குள் திணிக்கக் கூடாது. அந்த வரிகளின் நீளம் ஒழுங்கில்லாதது. அங்கே பாஸும் பியானோவும் ஒரே கார்டில் சுற்றிக்கொண்டிருக்கட்டும். பியானோக்காரர் பாடத் தொடங்கும் சொல்லில் டிரம்ஸ் நுழைந்து பன்னிரண்டு பார் ஆரம்பமாகட்டும். யார் பேசுகிறார், யார் பாடுகிறார் என்பது விளக்கமில்லாமல் விளங்கிவிடும்.

ஹியூஸ் படிக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ராகம் இழுப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, தாளத்தின் மேல் ஒவ்வொரு சொல்லையும் அடித்து உட்கார வைப்பதும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவரின் நிதானம். அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேர் மைக்கைப் பிடித்ததும் ஒரு 'ஜாஸ் குரல்' போட்டுக்கொள்கிறார்கள், கரகரப்பும் இழுப்புமாக. அது பாவனை. வாத்தியங்கள் ஏற்கெனவே செய்யும் வேலையைக் குரலும் செய்யத் தேவையில்லை.

இரண்டாம் பக்கம்: மிங்கஸ்

மிங்கஸ் இந்த வேலைக்குப் புதியவர் அல்ல. 1957 அக்டோபரில் 'சீன்ஸ் இன் த சிட்டி' என்ற நீண்ட துண்டை ஒரு நடிகரின் குரலோடு பதிவு செய்திருந்தார். லான் எல்டர் எழுதிய அந்த உரைக்கு ஹியூஸும் உதவியிருந்தார். ஹாடியும் நெப்பரும் அதிலும் வாசித்தவர்கள். எனவே 1958இல் அவர்களுக்குப் பேச்சோடு வாசிக்கும் பழக்கம் கைவந்திருந்தது.

இந்தப் பக்கத்தில் கவிதைகள் தனித்தனிப் பாட்டாக நிற்பதில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இசை அழைத்துப் போகிறது. மிங்கஸ் தன்னுடைய 'வியர்ட் நைட்மேர்', 'ஜம்ப் மங்க்' போன்ற மெட்டுகளையே இடையில் கொண்டுவருகிறார். இங்கே காலப்பிரமாணம் குழுவின் கையில். வேகம் மாறும், மனநிலை மாறும், கவிஞர் அதற்குள் இடம் தேடி நுழைவார். இதற்கு ஏற்ற உரை ஹியூஸிடம் இருந்தது. 1951இல் வெளிவந்த ஹார்லெம் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில், பீபாப் என்ற வேகமான ஜாஸ் வகையைப்போலவே முரணும் திடீர்த் திருப்பங்களும் உடைந்த தாளமும் கொண்டதாக அதை எழுதியிருப்பதாகச் சொல்கிறார். குட்டிக் குட்டிக் கவிதைகள், பாதியில் வெட்டப்படும் உரையாடல், குறுக்கே விழும் ஒரு வார்த்தை. ப்ளூஸ் வரிகளுக்கு முதல் பக்கம் என்றால் இவற்றுக்கு இரண்டாம் பக்கம். உரையின் வடிவத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். நீளமான, இலக்கணச் சுத்தமான வாக்கியங்கள் உள்ள கவிதையை மிங்கஸ் வழியில் போட்டால், வாக்கியம் முடிவதற்குள் வேகம் மாறிவிடும்.

ஒரு சின்னக் கவனிப்பு. இரண்டு பக்கத்திலும் டிராம்போன் இருக்கிறது. 1964இல் நியூயார்க் ஆர்ட் குவார்ட்டெட் என்ற ஜாஸ் குழுவோடு கவிஞர் அமிரி பராகா படித்த பதிவிலும் ரோஸ்வெல் ரட்டின் டிராம்போன். தற்செயலாக இருக்கலாம். ஆனால் 1927இலேயே கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், கறுப்பினப் பிரசங்கிகளின் உரையைக் கவிதையாக்கிய தன் நூலுக்கு டிராம்போனைத்தான் தலைப்பில் வைத்தார். மனிதக் குரலின் எல்லா உணர்ச்சியையும் காட்டவல்ல வாத்தியம் அதுவே என்று காரணமும் சொன்னார். ஒலிப் பொறியாளருக்கு இதே காரணம் தலைவலி. ஆண் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ். டிராம்போனின் கீழ் ஸ்வரங்கள் 82 ஹெர்ட்ஸிலும் டெனர் சாக்ஸபோனின் கீழ் ஸ்வரம் 104 ஹெர்ட்ஸிலும் தொடங்குகின்றன. குரல் குடியிருக்கும் தெருவிலேயே இரண்டும் குடியிருக்கின்றன. பேச்சுக்குப் பதில் சொல்ல அவற்றை விட்டால் அற்புதம், பேச்சுக்கு அடியில் ஓடவிட்டால் சொல் மூழ்கிவிடும்.

ஒரே கவிதை, இரண்டு பதிவு

இதைச் சோதிக்க இன்னொரு பதிவு இணை உதவும். ஹியூஸ் 1929இல் பட்டம் பெற்ற பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரன். 'த ரெவல்யூஷன் வில் நாட் பி டெலிவைஸ்ட்' கவிதையை 1970இல் காங்கா, பாங்கோ போன்ற கை மேளங்களோடு மட்டும் பதிவு செய்தார். 1971 ஏப்ரலில் அதையே முழுக் குழுவோடு மறுபடி பதிவு செய்தார். பாஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி, புல்லாங்குழல் ஹியூபர்ட் லாஸ். இரண்டையும் தயாரித்தவர் பாப் தீல்.

1970 பதிவில் கவிஞர் ராஜா, மேளம் அவர் பின்னால் வருகிறது. 1971இல் பாஸும் டிரம்ஸும் ஒரே சிறு தாள உருவைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன, அசைவதே இல்லை. கவிஞர் அதன் மேல் முன்னும் பின்னுமாக நடக்கிறார். ஒவ்வொரு பத்தியும் அந்தத் தலைப்பு வரிக்கே திரும்புவதால் நடுவில் எவ்வளவு விலகினாலும் தாளத்தில் வந்து இறங்க ஒரு படி இருக்கிறது. தாளம் கெட்டியாக இருக்கும் குழுவோடு படிக்கப்போகும் கவிதையில் இப்படித் திரும்பி வரும் ஒரு வரி அவசியம். இல்லையென்றால் எழுதிச் சேர்க்கலாம், அல்லது முதல் வரியையே மூன்று இடத்தில் மறுபடி சொல்லலாம். புல்லாங்குழலைத் தேர்ந்தது கெட்டிக்காரத்தனம். அதன் கீழ் ஸ்வரமே 262 ஹெர்ட்ஸ், பேச்சின் அடிப்படைக்கு மேலே. கவிஞர் பேசும்போதும் அது வாசித்துக்கொண்டிருக்கலாம்.

ஒத்திகை

முதல் ஒத்திகைக்குப் பாஸையும் குரலையும் மட்டும் அழையுங்கள். கவிஞர் ஜெய்ன் கோர்ட்டஸ் 1974இல் ரிச்சர்ட் டேவிஸின் பாஸ் ஒன்றை மட்டும் வைத்து முழு இசைத்தட்டே செய்திருக்கிறார். பாஸோடு நிற்காத கவிதை ஆறு பேரோடும் நிற்காது. இந்த நிலையிலேயே நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியே 2 நிமிடத்தில் படித்துவிடும் கவிதை இசையோடு மூன்றரை, நான்கு நிமிடம் எடுக்கும்.

இரண்டாவது ஒத்திகையில் ஊதுவாத்தியக்காரரின் கையில் கவிதையைக் கொடுத்து, அதைச் சொல்லில்லாமல் அசை அசையாக வாசிக்கச் சொல்லுங்கள். 1964 டிசம்பர் 9 அன்று ஜான் கோல்ட்ரேன் 'எ லவ் சுப்ரீம்' பதிவின் நான்காம் பகுதியில் செய்தது இதுதான். உறையில் அச்சான அவருடைய கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சாக்ஸபோன் அதன் சொற்களைச் சொல்லிக்கொண்டே போவது தெரியும். இந்தப் பயிற்சி முடிந்த வாத்தியக்காரர் வாக்கியம் எங்கே முடிகிறது என்று அறிந்திருப்பார். அதற்குப் பிறகு அவர் கவிஞரின் கடைசிச் சொல்லின் மேல் ஏறி வாசிக்க மாட்டார். ஜாஸ் கவிதை மேடைகளில் மிக அதிகம் நடக்கும் விபத்து அதுதான்.

பிறகு தாள். ஹியூஸின் 1961 நூல் 'ஆஸ்க் யுவர் மாமா' நல்ல முன்மாதிரி. இடப்பக்கம் கவிதை, வலப்பக்கம் சாய்வெழுத்தில் இசைக் குறிப்பு: எந்த வாத்தியம், எந்த மனநிலை, எங்கே இசை முழுக்க நிற்க வேண்டும். 'ஹெசிடேஷன் ப்ளூஸ்' என்ற பழைய மெட்டு நூல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். நூலின் தலைப்பே ஒருவர் தாயை ஒருவர் இழுத்து வம்புக்கிழுக்கும் 'டஸன்ஸ்' என்ற வாய்ச்சண்டை விளையாட்டிலிருந்து வந்தது. இசைக்கு முன்பே கறுப்பின மக்களின் பேச்சுக்குள் இருந்த தாளம் அது. அந்த நூலை லாரா கார்ப்மன் இசையமைத்து, ஜெஸ்ஸி நார்மன் நடத்திய ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு விழாவில் 2009 மார்ச்சில் கார்னெகி ஹாலில் மேடையேற்றினார்கள். உங்கள் தாளும் இதே அமைப்பில் இருக்கட்டும். குழுவில் எல்லாரிடமும் ஒரே தாள். குறிப்புகள் பார் எண்ணால் வேண்டாம், கவிதையின் சொல்லால் இருக்கட்டும். பேச்சு ஒரு நாள்போல மறுநாள் இருக்காது, பார் எண்ணி உள்ளே வருகிறவர் தவறான இடத்தில்தான் வருவார். சைகை காட்டும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும், பெரும்பாலும் பாஸ் வாசிப்பவரிடம். கவிஞர் அவரைப் பார்க்கும்படி நிற்க வேண்டும். தாளில் முகம் புதைத்துப் படிப்பவருக்குச் சைகை போய்ச் சேராது.

டிரம்மருக்கு ஒரு எச்சரிக்கை: கவிஞரின் அழுத்தத்தைப் பின்தொடர வேண்டாம். நல்ல காது உள்ள டிரம்மர்தான் இதில் விழுவார். அழுத்தமான சொல் வரும்போதெல்லாம் ஒரு அடி வைக்கத் தோன்றும், கவிஞர் அதைக் கேட்டு வேகம் கூட்டுவார், டிரம்மர் சத்தத்தைக் கூட்டுவார். ஒன்றரை நிமிடத்தில் இருவரும் உச்சத்துக்குப் போய்விட்டால் மீதிக் கவிதைக்கு ஏற இடமில்லை. உரை உச்சத்துக்குப் போகும் இடத்தில் குழு குறையட்டும். பாஸும் ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் காலால் இயக்கும் ஜோடித் தட்டு) மட்டும் மிஞ்சட்டும்.

ஒலி

கவிஞருக்கு, முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் வகை டைனமிக் மைக், வாயிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டருக்குள் வந்தால் அடிக்குரல் வீங்கிப் பாஸோடு குழம்பும். எப்படியும் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது, பியானோவில் அந்த இடத்தை 3 டெசிபெல் குறைத்தாலே பேச்சு முன்னால் வந்துவிடும். குரலைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். டிரம்மர் குச்சிக்குப் பதில் பிரஷ், டிரம்பெட்டுக்கு ஒலியை அடக்கும் ஹார்மன் மியூட். கவிஞர் தன் பக்கம் கேட்கும் ஒலிபெருக்கியான மானிட்டரில் பாஸும் ஹை-ஹாட்டும் போதும். பியானோவைக் கொடுத்தால் அதன் மெட்டைப் பிடித்துக்கொண்டு அரைப்பாட்டாகப் பாட ஆரம்பித்துவிடுவார். பேசும் இடத்தில் குரல் குழுவைவிடச் சுமார் 6 டெசிபெல் மேலே, மறுமொழி இடத்தில் குழு அந்த உயரத்துக்கு வரட்டும். ஒலிப் பொறியாளர் கையிலும் அதே தாள் இருந்தால்தான் இது நடக்கும்.

உரிமை

அமெரிக்கச் சட்டப்படி ஹியூஸின் 1926 தொகுப்பு 2022 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. 1951 தொகுப்பு 2046 முடியும்வரையும் 1961 நூல் 2056 முடியும்வரையும் காப்புரிமையில் இருக்கும். 1958 ஒலிப்பதிவைத் துண்டெடுத்துப் பயன்படுத்துவதற்குத் தனி உரிமை வேண்டும், அது 2067 பிப்ரவரி வரை நீடிக்கிறது. மற்ற நாடுகளில் கணக்கு வேறு, அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பார் ப்ளூஸ் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதன் மேல் எழுதப்பட்ட மெட்டு சொந்தமானது. மிங்கஸின் மெட்டை வாசித்தால் அனுமதி தேவை, பி ஃப்ளாட்டில் நீங்களே ஒன்று அமைத்துக்கொண்டால் தேவையில்லை. அனுமதிக் கடிதங்கள் மெதுவாகத்தான் வரும், முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் 1926 தொகுப்புக்குள்ளேயே ஒரு மணி நேர நிகழ்ச்சியைக் கட்ட முடியும். அதில் ப்ளூஸ் வடிவில் உள்ள கவிதைகளைப் பன்னிரண்டு பாரிலும், மற்றவற்றைப் பாஸ் ஒன்றை மட்டும் வைத்தும் படிக்கலாம்.